வளையம் விழாத தட்டு

புதன்கிழமை முட்டை வரவில்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் அது செய்திதான். மூன்று வருடமாக, புதன்கிழமை காலை எட்டு மணி என்றால் வாசலில் மொபெட் சத்தம். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய முட்டை அட்டைகள். ஓட்டி வருபவள் கஸ்தூரி. முப்பத்திரண்டு வயது. வெள்ளானூரில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு முந்நூறு கோழி வளர்க்கிறாள். அவளுடைய அப்பா அம்மா நாற்று நடக் கூலிக்குப் போனவர்கள். கணவர் ஏகாம்பரம் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். கோழி முழுக்க முழுக்க அவளுடைய டிபார்ட்மென்ட்.

அடுத்த புதனும் வரவில்லை. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். ஆகஸ்ட் வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்ன கஸ்தூரி?"

"ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுதுக்கா. பத்து நாளாச்சு. இப்போ முதுகு வேற பிளக்குது. குளிரு தூக்கித் தூக்கிப் போடுது."

பெண்களுக்கு அடிக்கடி வருகிற உபாதைதான். பக்கத்து கிளினிக்கில் மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்களாம். கேட்கவில்லை. வேறொரு கிளினிக்கில் சிவப்பும் கறுப்புமாக கேப்ஸ்யூல். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது இடத்துக்குப் போகத் தெம்பில்லை... படுத்துவிட்டாள்.

ஆட்டோவில் ஏற்றி அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் அவள் விலாவுக்குப் பின்னால் மெல்லத் தட்டினார். கஸ்தூரி அலறிவிட்டாள்.

"கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. உடனே அட்மிட் பண்ணணும். இப்போதைக்கு ஒரு ஊசி ஆரம்பிக்கிறேன். அது வேலை செய்யுமான்னு, யூரின்ல இருக்கற கிருமியை வளர்த்துப் பாக்கற கல்ச்சர் டெஸ்ட்தான் சொல்லும். ரிசல்ட் வர ரெண்டு நாளாகும்."

அந்த இரண்டு நாள் இருக்கிறதே... ஊசி போட்டார்கள். ஜுரம் இறங்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் பிளட் பிரஷர் இறங்கியது. நர்ஸ் ஓடினாள். ஏகாம்பரம் தொழிற்சாலை யூனிஃபார்மோடு சுவரில் சாய்ந்து நின்றார். "காலைல கூட பேசிகினு இருந்தாளேக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. கொண்டு வந்தவள் கீழ்த்தளத்து லேப் டெக்னீஷியன் ஸ்டெல்லா. ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, எதையும் அவசரப்படாமல் சொல்கிற பெண். பல மருந்துகளைச் சோதித்ததில் இரண்டே இரண்டுதான் வேலை செய்கிறதாம். டாக்டர் அன்றைக்கே ஊசியை மாற்றினார். மறுநாள் ஜுரம் இறங்கத் தொடங்கியது. நாலாம் நாள் கஸ்தூரி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

பிழைத்துக்கொண்டாள். கதை இங்கே முடிந்திருக்கலாம். ஸ்டெல்லாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

என்னைக் கீழே கூட்டிப் போய் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். உள்ளே ஜெல்லி. அதன் மேல் மங்கலாகப் படர்ந்திருப்பது கஸ்தூரியின் கிருமி. அங்கங்கே நெற்றிப் பொட்டு அளவில் காகித வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வளையம் விழும். இந்தத் தட்டில் இரண்டு வில்லைக்கு மட்டும் வளையம். மற்றதைச் சுற்றிக் கிருமி சௌக்கியமாக வளர்ந்திருந்தது.

"இவங்க அடிக்கடி மாத்திரை சாப்பிடுவாங்களாக்கா? பாதி கோர்ஸ்ல நிறுத்திடுவாங்களா?"

கஸ்தூரியிடம் கேட்டதற்கு அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "தலைவலிக்குக் கூட தைலம்தான் தேய்ப்பேன். ரெண்டு புள்ள பெத்தேன், அப்பதான் ஊசியே பாத்தேன்!"

பாதி கோர்ஸில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு உண்டு. ஸ்டெல்லா என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மருந்தே சாப்பிடாதவள் உடம்பில் இருக்கிற கிருமிக்கு மருந்து எப்படிப் பழகும்? ஸ்டெல்லா யோசித்துவிட்டு, "வீட்டுல என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டாள். கோழி என்றதும் நிமிர்ந்தாள்.

"தீவனத்துல ஏதாவது கலப்பீங்களா?"

"மஞ்சக் கலர்ல ஒரு பவுடரு. தீவனக்காரரு குடுப்பாரு. நோவு வராது, கோழியும் வெயிட்டு போடும்னு. டெய்லி கையாலதான் கலக்கறேன். ஏன்?"

ஸ்டெல்லா ஒரு உதவி கேட்டாள். கஸ்தூரி ஷெட்டிலிருந்து கொஞ்சம் கோழி எச்சம் வேண்டும். மருந்துத் தீவனம் பார்த்தே இராத நாட்டுக்கோழியின் எச்சமும் கொஞ்சம். தனித்தனிப் பாட்டிலில். ஏகாம்பரம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கொண்டு வந்தார். நாட்டுக்கோழி எச்சத்துக்காக வேப்பம்பட்டில் இருக்கிற தங்கை வீடு வரை ரயிலில் போய் வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் பாட்டிலில் என்ன என்று கேட்டாராம். "மருந்து" என்று சொல்லி வைத்தாராம்.

லேப் முதலாளிக்குத் தெரிந்தால் கத்துவார். அதனால் கூட்டமில்லாத ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்டெல்லா அதைச் செய்தாள். திங்கட்கிழமை எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

நாட்டுக்கோழித் தட்டில் வில்லைக்கு வில்லை வட்ட வட்டமாக வளையம். கஸ்தூரியின் கோழித் தட்டில் இரண்டே இரண்டு. அவளுடைய கிருமித் தட்டில் வளையம் விழுந்த அதே இரண்டு.

ஏகாம்பரம் குனிந்து, ஒவ்வொரு வில்லையாக விரலால் எண்ணினார். நூலிழை வித்தியாசத்தை அளந்து பழகிய மனிதர். எண்ணி முடித்தும் நிமிரவில்லை.

"கோழி நல்லாத்தானே கீது? சீக்கு கீக்கு ஒண்ணும் இல்லியே?"

"கோழிக்கு ஒண்ணும் இல்லண்ணே. கிருமியும் நல்ல கிருமிதான். நம்ம எல்லார் குடல்லயும் கோடிக்கணக்குல இருக்கு. தொந்தரவு பண்ணாம, சாப்பாட்டுல பங்கு வாங்கிக்கிட்டு கிடக்கும். அந்த மஞ்சப் பவுடரும் கிருமியைக் கொல்ற மருந்துதான், தினமும் கொஞ்சம் கொஞ்சம் போட்டா, சாகறது செத்துடும். தாங்கறது மட்டும் மிஞ்சும். அதோட முடியல. தாங்கற வித்தையைப் பக்கத்துல இருக்கற கிருமிக்கும் குடுத்துடும். காலைல லோக்கல் ட்ரெயின்ல ஒருத்தர் பேப்பர் வாங்கினா, இறங்கறதுக்குள்ள பெட்டி முழுக்கப் படிச்சிடுவாங்கல்ல... அப்படி."

"அப்போ இவ வயித்துக்கு?"

"கலக்கற கை, எச்சம் அள்ற கை, சாப்பிடற கை, எல்லாம் ஒரே கைதானே? குடல்ல இருந்த வரைக்கும் இவங்களுக்கும் ஒண்ணும் பண்ணல. இடம் மாறி மூத்திரப்பைக்குப் போனதும் வியாதி. நான் டெக்னீஷியன், இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். இவங்க தட்டும் இவங்க கோழித் தட்டும் ஒரே மாதிரி இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஏகாம்பரம் கேட்டார். "என் வயித்துலயும் கீதா?"

"இருக்கலாம்."

"பசங்க வயித்துல?"

ஸ்டெல்லா தட்டை மூடினாள்.

பவுடரை நிறுத்துவது என்று அன்றைக்கே கஸ்தூரி சொல்லிவிட்டாள். தீவனக்காரர் சிரித்தார். "மழை வரட்டும்மா, நீயே வந்து கேப்பே." ஏகாம்பரத்துக்கும் உள்ளுக்குள் அதே பயம். ஷெட் அவள் கட்டியது. முந்நூறும் போய்விட்டால்? "கொஞ்ச கொஞ்சமா நிறுத்தலாமே" என்று என் எதிரிலேயே சொல்லிப் பார்த்தார்.

"கொஞ்ச கொஞ்சமா குடுத்துத்தான்யா இங்க வந்து நிக்கறோம்" என்றாள்.

அக்டோபரில் மழை வந்தது. கோழிகள் சுருண்டன. ஒரு வாரத்தில் பத்தொன்பது செத்தன. ஆறு கோழி செத்த நாளில் கஸ்தூரி தீவனக்காரர் கடை வரைக்கும் மொபெட்டில் போயிருக்கிறாள். வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, எதுவும் வாங்காமல் திரும்பியிருக்கிறாள். "உள்ள போயிருந்தா வாங்கியிருப்பேங்க்கா. அதான் வண்டிய வுட்டு எறங்கவேயில்ல" என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஷெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாளாம். ஈரம். நெரிசல். மூக்கைப் பிடுங்குகிற நாற்றம். மூன்று வருடமாக இதையெல்லாம் பவுடர்தான் பார்த்துக்கொண்டிருந்தது போல. எண்பது கோழியை விற்று இடத்தைக் காலி செய்தாள். தரையில் சுண்ணாம்பு தூவி, மரப்பட்டறையிலிருந்து காய்ந்த தூள் கொண்டு வந்து கொட்டினாள். தண்ணீர்த் தொட்டியைத் தினமும் தேய்த்தாள். எச்சம் அள்ளினால் சோப்பு போடாமல் வீட்டுக்குள் நுழைவதில்லை. ஏகாம்பரம் லீவு போட்டு, கூரைத் தகட்டைத் தூக்கிக் கட்டி, மழைத் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டினார். வாய்க்கால் அளவெடுத்து வெட்டியது என்று கேள்வி.

சாவு நின்றது. புதன்கிழமை மொபெட் சத்தம் மறுபடி கேட்கிறது. முட்டை முன்பை விடக் கொஞ்சம் சின்னது. குவார்ட்டர்ஸில் இரண்டு பேர் முகம் சுளித்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கஸ்தூரி விளக்கம் சொல்லவில்லை. எச்சத்தைப் பற்றிப் பேசி யார் முட்டை விற்பது?

இந்தப் பொங்கல் முடிந்த வாரம் ஸ்டெல்லா கஸ்தூரியின் கோழி எச்சத்தில் மறுபடி ஒரு தட்டு வைத்துப் பார்த்தாள். பவுடர் நிறுத்தி ஐந்து மாதம். நானும் கஸ்தூரியும் போயிருந்தோம். மூன்று வளையம் இருந்தது. முன்பு இரண்டு. புதிதாக வந்தது மெலிசாக, ஒரு பக்கம் தேய்ந்த பிறை மாதிரி... இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு.

எனக்கு ஏமாற்றம்தான். இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரே ஒரு வளையமா? மற்றதெல்லாம் எப்போது திரும்பும் என்று கேட்டேன். ஸ்டெல்லா உதட்டைப் பிதுக்கினாள். "தெரியாதுக்கா. திரும்பாமலே கூட போகலாம்."

கஸ்தூரி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"மூணு வருசமா இதுக்குக் கத்துக் குடுத்தது நானு. அஞ்சே மாசத்துல மறந்துடுன்னா எப்டி மறக்கும்?"