மாப்பிள்ளைக்கு வீடு பார்த்த கதை

வீடில்லாத பூனை, நாய்களை வளர்க்கக் கொடுக்கிற தொழிலில் அதுகள் கடிக்கிறது குறைவு; எடுக்க வாற ஆக்கள் கேட்கிற கேள்விதான் கூடக் கடிக்கும். வெட்கத்தோடு வேலைக்குப் போய், தெரியாத ஆக்களுக்கு முன்னால் வாய் உலர்ந்து நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கடையில் நின்றால் தராசைப் பார்த்துக்கொண்டு கதைக்கலாம். பூனைக்குட்டியைப் பார்த்துக்கொண்டு கதைத்தால் அது கொட்டாவி விடும்.

சுனாமியில் கடல் வந்து போன பிறகு, சொந்தக்காரர் இல்லாமல் அலைந்த நாய் பூனைகளுக்கு வெறிநோய் வராமல் விசர் ஊசி போடக் கொஞ்சப் பேர் வந்து, கல்முனைக்குடியில் இடிந்த வீட்டு வளவொன்றில் தகரக் கொட்டில் போட்டார்கள். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே வேலை கிடைத்தது. என் மகள் அப்போது இடுப்பில். எங்கள் மார்க்கத்தில் நாய் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும் என்பதால் எனக்குப் பூனைப் பக்கம். நாய்ப் பக்கம் பாண்டிருப்பிலிருந்து வாற சரோஜா அக்காவுக்கு.

யுத்தம் முடிந்த வருசம் வளவுக்காரர் திரும்பி வந்தார். வீடு கட்டப் போகிறாராம். நோன்பு தொடங்க முந்தி எங்களிடம் இருக்கிற எல்லாத்துக்கும் வீடு தேடிக் கொடுத்துவிட்டு நாங்கள் இடத்தை விட்டு எழும்ப வேணும். மிஞ்சினதை லொறியில் ஏற்றி எங்கேயோ தூரத்துப் பெரிய அடைப்புக்குக் கொண்டுபோவார்கள்.

மாப்பிள்ளை

பூனைகளுக்குப் பயமில்லை. எங்கட ஊரில் பூனைக்கு எந்த வீட்டிலும் ஒரு மூலை இருக்கும். என் கவலையெல்லாம் மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை என்பது ஒற்றைக் கண் தெரியாத ஒரு கிழட்டு நாய். அலை வந்த பிறகு, தன் வீடு இருந்த மணலை விட்டு நகராமல் கிடந்தவரை அக்காதான் தூக்கி வந்தாள். புதுசாகக் கல்யாணம் முடித்தவர் பெண் வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு வேலையும் செய்யமாட்டார், சாப்பாட்டை முன்னால் கொண்டுவந்து வைத்தால்தான் தலையைத் தூக்குவார். அதனால் அந்தப் பெயர்.

இந்த வயசில் லொறிப் பயணத்தை அவர் தாங்கமாட்டார் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா மாப்பிள்ளையின் காதைச் சொறிந்துகொண்டு சொன்னாள்: "உனக்குப் பொம்பிள எடுக்கிறது லேசு ராசா, வீடு எடுக்கிறதுதான் கஷ்டம்."

பாவோட்டக்காரி

மருதமுனையிலிருந்து, அண்ணன் வயசுள்ள தறிக்காரக் காக்கா ஒருவர் வந்து வெள்ளைக் குட்டியொன்றை எடுத்தார். கொடுக்கும்போது நாங்கள் வழக்கமாகச் சொல்கிறவை உண்டு. கிணற்றுக்கு மேலே வலை போடுங்கள், எலிப் பாஷாணம் வைக்காதீர்கள், நூலோடு விளையாட விடாதீர்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். தறி வீட்டில் நூலை ஒளிக்கச் சொல்வது கடற்கரையில் மணலை ஒளிக்கச் சொன்ன மாதிரி. எனக்கு வெட்கமாகப் போய், கடைசியைத் தொண்டைக்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டேன்.

அந்தக் கிழமையே காக்கா ஒரு பந்தோடு வந்தார். சிவப்பும் பச்சையும் கலந்த பந்து. அதற்குள்ளிருந்து "மியாவ்" கேட்டது. எனக்கு உயிர் போய்விட்டது. குட்டியின் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். நல்ல காலம், ஒன்றையும் விழுங்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன், அவர் விடவில்லை. சாரன் துணிக்கு நீட்டுவாக்கில் ஓட்டுகிற பாவு நூலாம், வெட்டக் கூடாதாம். உட்கார்ந்து இழை இழையாகச் சுற்றி எடுத்தார், குட்டி அவர் மடியிலேயே நித்திரையாகிவிட்டது. இனி நூல் அறைக்குக் கதவு போடுவதாகச் சொல்லி, அதை எழுப்பாமல் தூக்கிக்கொண்டு போகும்போது சொன்னார்: "பாவோட்ட ஆளில்ல எண்டு கவலப்பட்டுக் கிடந்தன் தங்கச்சி, இவ நல்லா ஓட்டுறா, எங்க நிப்பாட்டுற எண்டுதான் தெரியா."

முறைப்பாடு

வலையை எலி வெட்டுகிறது என்று ஒரு மீன்பிடிக்கார மாமா எங்களிடமிருந்த பெரிய கடுவன் பூனையை எடுத்துப் போனார். பிறகு ஒரு நாள் வேகமாக வந்தார், கக்கத்தில் கடுவன். வாசலிலேயே குறை சொல்லத் தொடங்கினார். காய வைத்த கருவாட்டைத் தின்றுவிட்டதாம். எலி எதிரே வந்தால் எழும்பி வழி விடுகிறதாம். ஸலாம் சொல்லாததுதான் குறையாம். பெண்சாதி, உங்களுக்கும் பூனைக்கும் சேர்த்துச் சோறு இல்லை என்கிறாளாம்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "மாத்தித் தரட்டா, மாமா?" என்று கேட்டேன். கடுவனை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். "மாத்துறதா? நான் முறைப்பாடு சொல்லத்தான் வந்தன் புள்ள, திருப்பிக் குடுக்க வரல்ல."

சோதனைச் சாவடியில்

காரைதீவுக்குக் குட்டிகள் கொண்டுபோன அன்று சோதனைச் சாவடியில் எங்கள் ஓட்டோவை மறித்தார்கள். மூடி போட்ட கோரைப் பன்கூடை என் மடியில். இளம் ஆமிக்காரன் ஒருவன் உள்ளே என்ன என்று கேட்டான். எனக்குத் தமிழிலேயே வாய் வராது, சிங்களத்தில் எங்கே வரும். கூடை தானாக நகர்ந்தது. குண்டு என்று நினைத்து அவன் துப்பாக்கியோடு பின்னால் பாய்ந்தான். "பூஸ் பெட்டவ், மாத்தயா," என்று சரோஜா அக்கா சிங்களத்தில் கத்தியதோடு மூடி திறந்துகொண்டு நான்கு பூனைக்குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன.

அவனுக்கு ஒன்று வேணுமாம். வீடு பார்க்காமல் நாங்கள் கொடுப்பதில்லை. அக்கா இறங்கிப் போய் அவனுடைய காவலரணை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மண்மூட்டைச் சுவர், மழைக்குத் தகரம், இரவு பகல் காவலுக்கு ஆள். இதைவிடப் பத்திரமான வீடு கல்முனையில் இல்லை என்று ஒன்றைக் கொடுத்தாள். ஓட்டோ புறப்பட்ட பிறகு அவன் கையைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். குட்டியை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, அரைத் தமிழில் கேட்டான்: "நங்கி, தங்கச்சி, இவருக்கு ஐடென்டி காட் எங்க?"

வீடு பார்க்கப் போனது

நோன்பு கிட்ட வந்துவிட்டது. பூனைகள் முடிந்தன. மற்ற நாய்களைத் திருக்கோவில் பக்கத்து வயற்காரர்கள் காவலுக்குக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை மட்டும் மிஞ்சினார், லொறியும் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் சாய்ந்தமருதில் சின்ன நெல் மில் ஓட்டுகிற ஒரு மாமா, வீட்டோடு இருக்கிற மில்லுக்குக் காவல் நாய் வேணும், வந்து இடத்தைப் பாருங்கள் என்று ஆள் அனுப்பினார். வீட்டில் மாமியிடம் சொல்ல மறந்துவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது.

அக்கா நாயோடு தெருமுனையில் ஓட்டோவில் இருக்க, நான் அபாயா அங்கியைச் சரிபண்ணிக்கொண்டு தனியே போனேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வழியெல்லாம் பாடமாக்கி வந்ததைச் சொன்னேன்: "மாப்பிள்ளைக்கு வீடு பார்க்க வந்தன், மாமி."

எங்கட பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அதனால் மாப்பிள்ளை பக்கத்தார் முதலில் பார்க்கிறது பெண்ணையில்லை, வீட்டை. மாமியின் வீட்டைக் கடல் கொண்டுபோய், திரும்பக் கட்டினது அரைச் சுவரோடு நின்றது. மூத்த மகளுக்கு வந்த கல்யாணப் பேச்செல்லாம் அந்த அரைச் சுவரில் முட்டித் திரும்பினதாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மாமி ஓடிப்போய் சர்பத் கரைத்தாள், தொதல் இனிப்பு வெட்டினாள். ஒரு நாய்க்கு இவ்வளவு மரியாதையா என்று என் மனம் குளிர்ந்துபோனது.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசு, மகள்?"

"கொஞ்சம் போயிட்டு, மாமி. ஆனா நல்ல சுகதேகி."

"தொழில்?"

"பகல் முழுக்கப் படுப்பார். ராவையிலதான் முழிச்சிருப்பார்."

"கடல் தொழில்," என்று மாமி தனக்குள் சொல்லிக்கொண்டாள். "குறை ஏதும் இரிக்கா?"

மறைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். "ஒரு கண்ணு தெரியா, மாமி."

அறைக் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த வளையல் சத்தம் நின்றது. மாமி பெருமூச்சு விட்டாள். "குடும்பம்?"

"சுனாமியோட ஒருத்தரும் இல்ல."

மாமியின் குரல் இறங்கிவிட்டது. "எங்களுக்கும் மிஞ்சின இவ்வளவுதான், மகள். சுவர் இன்னும் எழும்பல்ல."

"பெரிய வீடு வேணாம், மாமி. மழை நனையாத ஒரு மூலை போதும். ஒரு சாக்கு விரிச்சி உட்டா அதில கிடப்பார்."

"சாக்கிலயா?"

"ஓம். மிஞ்சின சோறு போட்டாலும் தின்பார். புது ஆக்களைக் கண்டா சத்தம் போடுவார், ஆனா கடிக்க மாட்டார்."

சர்பத் கிளாஸ் மாமியின் கையில் பாதி வழியில் நின்றது. மாமா அந்த நேரம் பார்த்துச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "நாய்க்கு இடம் காட்டிட்டியா?" என்று கேட்டார். தெருமுனையிலிருந்து மாப்பிள்ளையும் ஒரு குரை குரைத்தார். எனக்கு எல்லாம் ஒரே அடியாக விளங்கி, அபாயாவுக்குள்ளேயே ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். முதலில் சிரித்தது கதவுக்குப் பின்னால் இருந்த மகள்தான். மாமி என்னைப் பார்த்தாள், அரைச் சுவரைப் பார்த்தாள், பிறகு நிலத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஒத்தக் கண்ணுக்கும் நான் ஓம் எண்டுதான் நெனச்சிட்டு இருந்தன் புள்ள. இந்த ஊருல வீடு கேக்காத மாப்பிள்ளைய இப்பதான் காணுறன், நாயெண்டா என்ன, கூட்டிட்டு வாங்க."

கொட்டில் மூடி என் வேலை போய் இவ்வளவு காலமாகியும், சாய்ந்தமருதுப் பக்கம் தலைகாட்டினால் மகள்மாரை வைத்திருக்கிற உம்மாமார் என் கையைப் பிடித்து இழுத்து, கடிக்காத மாப்பிள்ளை இன்னும் ஒன்று இருக்கா என்று காதுக்குள் கேட்பதால், வெட்கத்தில் தலை நிமிராத நான்தான் இந்தக் கரையில் பேர்போன கல்யாணத் தரகர்.