வெள்ளிக்கிழமைக் கருவாடு

அறை எடுக்காமலே பல்கலைக்கழகம் போய்ப் படித்து முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தீவில், கரம்பொனில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணி விரிவுரைக்கு யாழ்ப்பாணம் போய்விடலாம். ஆனால் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபடி ஏற வேண்டும். நான் போய்ச் சேரும்போது பெரும்பாலும் முதல் விரிவுரை முடிந்திருக்கும். வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதனால் அறை எடுத்தேயாக வேண்டியிருந்தது.

வாடகைக்கு அப்பா ஓம் என்றார். சாப்பாட்டுக்குத் தர அவரிடம் எதுவும் இல்லை. கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் கிடைத்த நாட்களில் பிடித்த மீனில், விற்றது போக மிஞ்சியதைக் காயவைத்து, அரிசியோடு பையில் கட்டி, சனிக்கிழமை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். ஒரு கிழமைக்கு எனக்கு அதுதான். கன்ரீன் சோறு வசதியான பிள்ளைகளுக்கு. சந்தையில் கத்தரிக்காயின் விலையைக் கேட்டாலே எனக்குப் பசி போய்விடும்.

வீட்டுக்கார அன்ரி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். கெட்டவர் இல்லை. சமைக்கக் குசினியில் ஒரு மூலையும் ஒரு மண்சட்டியும் தந்தபோது ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார்.

“பிள்ளை, வெள்ளிக்கிழமை மட்டும் இந்த வீட்டில சுத்தம் பாக்க வேணும்.”

“நாங்களும் வெள்ளிக்கிழமை பாக்கிறனாங்கள், அன்ரி,” என்றேன் பெருமையாக.

இருவருக்கும் பெரிய திருப்தி. சைவக்காரர் வெள்ளிக்கிழமையில் மீனும் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் என் தலைக்குள் ஓடியது எங்கள் வெள்ளிக்கிழமைதான். எங்களைப் போன்ற கத்தோலிக்க வேதக்கார வீட்டில் அன்றைக்கு இறைச்சிதான் கூடாது, மீன் தாராளமாகச் சாப்பிடலாம். இறைச்சி வாங்க வழியில்லாத எனக்கு அதைவிடச் சுகமான நிபந்தனை வேறென்ன?

முதல் வெள்ளிக்கிழமை அன்ரி கோயிலால் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அவர் தந்த சட்டியில் என் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

பிழை என்னுடையது. மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே புதுச் சட்டி வாங்கிக் கொடுத்தேன். அன்ரிக்கு அது போதவில்லை.

“இனி ஒரு நாளும் இஞ்ச மீன் காய்ச்ச ஏலாது. இல்லாட்டி அறையை விடும்.”

“வெள்ளிக்கிழமை தொடமாட்டன், அன்ரி. மற்ற நாளில எனக்கு வேற சாப்பாடு இல்லை.”

“தீவுப் பிள்ளையளுக்கு வாய் கூட,” என்றவர், கொண்டக்டரிடம் சொல்லி அப்பாவை வரவழைத்தார்.

அப்பா நத்தார்ப் பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டோடு வந்தார். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

“இனிக் கருவாடு அனுப்பமாட்டன், அம்மா. பிள்ளையின்ர படிப்பை மட்டும் குழப்பிப் போடாதேங்கோ.”

எனக்கு அன்ரிமேல் வந்த கோபத்தைவிட அப்பாமேல் வந்த கோபம் பெரிது. காற்றோடும் கடற்படையோடும் மல்லுக்கட்டுகிற மனிதர், ஒரு சட்டிக்காகக் குனிந்து நின்றார்.

“அப்பா, நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. நிமிந்து நில்லுங்கோ,” என்றேன். பிறகு அன்ரியைப் பார்த்து, “வெள்ளிக்கிழமை உங்கட முறை. அதை நான் காப்பன். மிச்ச நாள் நான் என்ன சாப்பிடுறதெண்டு நீங்கள் சொல்ல ஏலாது. வேண்டாமெண்டால் இண்டைக்கே வெளிக்கிடுறன்.”

வெளிக்கிட்டால் பரீட்சை போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னதை விழுங்கவில்லை.

“பின்பக்க அடுப்பில காய்ச்சும்,” என்று சொல்லிவிட்டு அன்ரி உள்ளே போனார்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை கொண்டக்டர் தந்த பையைத் திறந்தால் அரிசியோடு பூசணிக்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய். ஒரு துண்டுக் கருவாடு இல்லை. அப்பா அன்ரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். இதையெல்லாம் வாங்க அவர் எதை விற்றாரோ தெரியாது. பஸ் தரிப்பில் சனம் பார்க்கப் பார்க்க அழுதேன்.

அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு, கொப்பித் தாளில் இரண்டு வரி எழுதி உள்ளே வைத்து, பையை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன்.

“அப்பா, எனக்கு எங்கட சாப்பாட்டில வெக்கமில்லை. உங்களுக்கும் வேண்டாம்.”

அந்தக் கிழமை முழுவதும் சோறும் உப்பும் சாப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமை பஸ் வந்து நின்று, கொண்டக்டர் படியில் இறங்க முதலே எனக்கு மணத்தது.