யார் போய் எடுப்பது

காலை பத்தேகாலுக்கு, நான் வேலை பார்த்த பள்ளியின் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. என் மகள். "அம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்றாள். அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வேலை பார்க்கும் இடத்துக்குக் கிளம்பினேன்.

பட்டுப்புடவைக்குக் கணினியில் டிசைன் போடும் சிறிய இடம் ஒன்றில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். முன்னறையில் அவள் வரைவாள். பின்னறைக் கணினி, தறிக்கான அட்டைகளில் ஓட்டை குத்தும் இயந்திரத்தை ஓட்டும். இரண்டிலும் ஓடியது யூனிக்ஸ் என்ற இயங்குதளம். அவளுடையது புதியது. "நெட்வொர்க் சாப்ட்வேர் பெட்டியோடயே வருது சார், தனியா வாங்க வேணாம்" என்று அவள் சொன்னதைக் கேட்டு முதலாளி வாங்கியது. பின்னறைக் கணினியில் பிளாப்பி வட்டு வேலை செய்யாது. இரண்டையும் இணைக்கும் வயர் வழியாகத்தான் டிசைன் போக வேண்டும்.

அன்று போகவில்லை. பின்னறையிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவள் கணினி இணைப்பை மறுத்தது. ஒரு கல்யாணப் புடவையின் முந்தி டிசைன் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரான ஓரிக்கையில் அதை நெய்ய வேண்டிய தறி காத்துக்கிடந்தது.

"டீச்சரம்மா, உங்க பொண்ணு பேச்சக் கேட்டுத்தான் வாங்கினேன்" என்றார் முதலாளி. "சாயங்காலத்துக்குள்ள முந்தி போவலன்னா, நாளைலருந்து அவங்க வர வேணாம்."

பின்னறையிலிருந்து அட்டை குத்துகிறவர் எட்டிப் பார்த்தார். "மிஷினு கோவிச்சுக்கினு கதவ சாத்திக்கிச்சு சார்." யாரும் சிரிக்கவில்லை.

மகள் கையேட்டைக் காட்டினாள். பெட்டியோடு வந்தது கிளையன்ட் பகுதி மட்டும்; அது மற்ற கணினியிடம் தானே போகும். தன்னிடம் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர் பகுதியைத் தனியாக வாங்க வேண்டும். "நெட்வொர்க்னா ரெண்டும் இருக்கும்னு நெனச்சிட்டேன்மா."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தேன். அவள் தொடவில்லை, நானும்தான். கணினி விற்ற கம்பெனியின் இன்ஜினியர் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். பஸ் வாலாஜாபாத் தாண்டியிருக்குமா என்று நினைத்தபடியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தேன். அவளுடைய அடுத்த வேலைக்கு யாரிடம் போய் நிற்பது என்றும் யோசித்தேன். யோசிக்கத் தெம்பில்லாமல் போனபோது, வெயில் இறங்கியபின், அவர் தோள்பையோடு வந்தார்.

இரண்டு அறையையும் பார்த்தார். "பின்னாடி மிஷின்ல சர்வர் ஓடுதே. ஏன் காலைலேருந்து அங்கேருந்தே எடுக்கப் பாக்கறீங்க? முன்னாடி இருந்து அனுப்பலாமே?"

அட்டை குத்துகிறவருக்கு ஆச்சரியம். "நாங்கதான சார் வந்து வாங்கிக்கினு போவோம்? வரையறவங்க எழுந்து வந்து குடுப்பாங்களா இன்னா?"

காகிதத்தில் வரைந்த காலத்திலிருந்து இந்த ஊரில் அப்படித்தான். அதனால் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகள் தன் இடத்தில் உட்கார்ந்து அனுப்பும் கட்டளையைத் தட்டினாள். சற்று நேரத்தில் பின்னறையில் டக் டக்கென்று அட்டை குத்தும் சத்தம் கேட்டது. நான் சாப்பாட்டு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அப்போ சர்வர் வாங்க வேணாமா?" என்றார் முதலாளி.

இன்ஜினியர் பையை மாட்டிக்கொண்டு என் மகளைக் காட்டினார். "வேணாம் சார். அனுப்பறதுக்கு இவங்க இருந்தா போதும்."