நரம்புச் சிலந்தியை அளக்கப் போனேன்

இந்த வருஷம் பங்குனி இரண்டாவது சனிக்கிழமை, சேலத்திலிருந்து இராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊருக்குப் போய்வந்தேன். கோயிலுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. ஒரு புழுவின் நீளத்தை அளக்கப் போனேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். மிச்ச நேரத்தில் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அதிசயத் துணுக்குகள் எழுதுகிறேன். ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தெலும்பு ஏழுதான். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டுகிற வெள்ளைக் கல் சீமையில் இரும்பு உருக்கும் உலைக்கு உட்சுவராகிறது. இப்படி வாரம் நாலு. தை மாதம் நரம்புச் சிலந்தியைப் பற்றி எழுதினேன். மனிதர் காலிலிருந்து நூல்போல வெளியே வரும் புழு அது. அதைக் குச்சியில் சுற்றி எடுக்கிற வைத்தியம் எகிப்து தேசத்தில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக இருக்கிறது. வைத்தியர்களின் சின்னத்தில் தடியைச் சுற்றியிருக்கும் பாம்பே இந்தப் புழுதான் என்று சொல்வோரும் உண்டு. நீளம் இரண்டு முழம் வரை என்று போட்டிருந்தேன். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் இது சுத்தக் கப்ஸா என்று கடிதம் போட்டார். ஆசிரியர் அதை எனக்கே அனுப்பி, ஓரத்தில் "நேரில் அளந்து எழுதவும்" என்று கிறுக்கியிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

சேலத்தில் பஸ் காலை ஆறு பத்துக்கு. பெட்ரோலுக்கு ரேஷன் வந்த பிறகு எல்லாம் கரி வண்டிதான். பின்னால் ஓர் இரும்பு உருளையில் அடுப்புக்கரி எரியும். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அரைமணி நேரம் ஊதினால்தான் வண்டிக்கு உயிர் வரும். பதினேழு மைலுக்குக் கட்டணம் ஏழணா. மல்லூர் தாண்டி ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அதற்காக ஏழணாவில் காலணாகூடக் குறைக்கவில்லை. இராசிபுரம் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐம்பத்தைந்து. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அங்கிருந்து ஆறு மைல் மாட்டு வண்டி. செங்கோடன் என்ற வண்டிக்காரரிடம், போகவர ஒரு ரூபாய் இரண்டணா என்று பேசிக்கொண்டேன். நாற்பது வயதிருக்கும். ஊர் எல்லை தாண்டியதும் கேட்டார்.

"ஏனுங்க, அந்த ஊருல உங்களுக்கு என்ன சோலி?"

"நரம்புச் சிலந்தி பார்க்க வேண்டும்."

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாக்கறதுக்கு அதுல என்னங்க இருக்குது? இந்தாங்க, எங்காலப் பாருங்க." கணுக்காலைச் சுற்றி மூன்று தழும்புகள். "கோடை வந்துச்சுன்னா பாதி சனம் நொண்டுமுங்க. சாமி குத்தம்ங்கறாங்க. மண்ணுல வருதா, தண்ணியில வருதா, யாரு கண்டா?"

தண்ணீரில்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் தழும்புகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வண்டியும் குலுங்கிக்கொண்டிருந்தது.

பதினொன்று ஐந்துக்கு ஊர்க் கிணற்றடியில் இறங்கினோம். இருபத்தெட்டுப் படிகள் உள்ள படிக்கிணறு. கோடையில் தண்ணீர் கடைசிப் படிக்குப் போய்ப் பச்சையாகக் கிடந்தது. கடைசிப் படியில் ஒரு பெண் காலை முழங்கால் வரை தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கை தூரத்தில் இன்னொருத்தி குடத்தை அமிழ்த்திக்கொண்டிருந்தாள். காலுக்கு என்னம்மா என்று கேட்டேன். "நெருப்பாட்டம் எரியுதுங்க. தண்ணியில வெச்சாத்தான் குளுகுளுன்னு இருக்குது" என்றாள்.

இதைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தேன். புழு வெளியே வருகிற இடத்தில் கொப்புளம் கண்டு எரியும். எரிச்சல் தாங்காமல் மனிதர் தண்ணீரில் கால் வைப்பார். கால் நனைந்ததும் புழு தன் குஞ்சுகளைப் பால்போலத் தண்ணீரில் கக்கிவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தப் பூச்சி இருக்கும் தண்ணீரைக் குடித்தவர் காலில் ஒரு வருஷம் கழித்துப் புழு தலை நீட்டும். ஆளை எரித்துத் தண்ணீருக்கு நடத்திக்கொண்டு போவதே புழுவின் தந்திரம். பிரமாதமான துணுக்கு என்று குறித்துக்கொண்டேன். நாலாக மடித்த துணியில் வடிகட்டினால் பூச்சி துணியிலேயே தங்கிவிடும் என்றும் அதே பக்கத்தில் போட்டிருந்தது. தை மாதம் எழுதியபோது அந்த வரியை நான்தான் விட்டுவிட்டேன். தண்ணீர் வடிகட்டுவதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

செங்கோடன் என்னை நெசவாளர் தெருவில் பழனியப்பன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். முப்பத்தைந்து வயது மனிதர், தறிக்குழிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தார். நம் பக்கத்துத் தறியில் ஆள் குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்ய வேண்டும். கை எத்தனை தேர்ந்ததானாலும் கால் இல்லாவிட்டால் நெசவு இல்லை. பாதி நெய்த புடவை ஒன்பது நாளாகத் தறியில் அப்படியே நின்றது. அவருடைய இடது கணுக்காலிலிருந்து வெள்ளையாக ஒன்று வெளியே வந்து, ஒரு தார்க்குச்சியில் சுற்றியிருந்தது. ஊடை நூல் சுற்றுகிற அதே குச்சிதான். சுற்றுகிறவள் அவர் மனைவி அங்கம்மாள். பிறந்ததிலிருந்து தார் சுற்றிய விரல்கள் என்பதால், ஊரில் யாருக்குச் சிலந்தி வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்களாம்.

"தெனமும் வெடியால ஒரு சுத்துத்தானுங்க. தண்ணி ஊத்திக்கிட்டே சுத்தோணும். இழுத்துப் புடிச்சுதுன்னா அத்தோட உட்டுறோணும்" என்றாள். "நூலுன்னா அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். இது அறுந்துச்சுன்னா உள்ள போயி அழுகிருமுங்க. காலே போயிரும்."

இதை அவள் தெளிவாகச் சொன்னாள். நானும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு அளவு நாடாவை எடுத்தேன். குச்சியில் எத்தனை சுற்று, ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டதில் பத்தரை அங்குலம் வந்தது. ஒரு முழம்கூட இல்லை. திருச்சிக்காரர் சிரிப்பது என் காதில் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் சுற்றினால் முழுதும் வந்துவிடும்போல இருக்கிறதே" என்றேன்.

"இன்னிக்கிச் சுத்தியாச்சுங்க. இனி நாளைக்கித்தான்."

"எனக்கு மூன்றரைக்குப் பஸ். இதற்காகவே சேலத்திலிருந்து வந்திருக்கிறேன்."

அங்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். பழனியப்பன்தான் பாயிலிருந்து சொன்னார். "அத்தன தூரம் வந்திருக்காங்க புள்ள. ஒரு சுத்துத்தான, சுத்து." வீடு தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அந்த ஊர் மரியாதை. வந்தவன் எப்படிப்பட்டவன் என்று அந்த மரியாதை பார்ப்பதில்லை.

அவள் தண்ணீரை ஊற்றிக் குச்சியைத் திருப்பினாள். அரைச் சுற்று வந்தது. அப்புறம் விரல்கள் நின்றுவிட்டன. அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். "கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றேன். அறுந்தது. சத்தம்கூட இல்லை. ஒரு சொட்டுப் பால் மாதிரி கசிந்தது. மிச்ச முனை நத்தைக் கொம்புபோல உள்ளே இழுத்துக்கொண்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. "போவுது உடுங்க" என்றார் பழனியப்பன். அங்கம்மாள் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது: அப்போதும் நான் அளந்தேன். பதினொன்றரை அங்குலம். அவர்களுடைய இரண்டு பெண்களில் மூத்தவள், எட்டு வயதிருக்கும், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தாகமில்லை என்று சொல்லிவிட்டேன். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியுமே. வண்டிக்குத் திரும்பி, கூஜாவில் கொண்டுபோயிருந்த சேலத்துக் குழாய்த் தண்ணீரைக் குடித்தேன். அது பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து வருகிறது, சுத்தமானது.

துணுக்கு சித்திரையில் வந்தது. ஆசிரியர் பாராட்டி எழுதினார். பதினொன்றரை அங்குலம் எப்படி ஐயா இரண்டு முழம் ஆகும் என்று திருச்சிக்காரர் மறுபடியும் கேட்டிருந்தார். அறுந்துவிட்டது என்று நான் துணுக்கில் எழுதியிருக்கவில்லை.

மனசு கேட்காமல் ஆனி முதல் சனிக்கிழமை திரும்பவும் போனேன். அதே பஸ், அதே ஏழணா. செங்கோடனைத் தேடிப் பிடித்தேன். பாதி வழியில் அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சீழ் புடிச்சுப் போச்சுங்க. ஆஸ்பத்திரிக்கு நாந்தான் வண்டி கட்டிட்டுப் போனேன். மூணு தடவ கீறுனாங்க. உசுரு தங்குச்சு."

உயிர் தங்கியிருந்தது. இடது முழங்கால் மடங்கியே நின்றுவிட்டது. குதிகால் தரையில் படவில்லை. தறிக்குழியில் அங்கம்மாள் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். பழனியப்பன் சுவரோரம் சாய்ந்து அவளுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

"முழுசா எத்தன இருக்கும்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"இரண்டு முழம் வரை."

"நீங்க அளந்தது?"

"பதினொன்றரை அங்குலம்."

துணி அளந்து பழகியவர், உடனே கழித்துவிட்டார். "அப்ப ஒன்னேகால் முழத்துக்கு மேல இன்னும் உள்ளதான் கெடக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இராசிபுரம் பக்கம் போகிறவர்களுக்கு: கரி வண்டியை நம்பி மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டிக்காரரிடம் போகவரச் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். படிக்கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். விறகு இல்லையென்றால் நாலாக மடித்த துணியில் வடிகட்டுங்கள். காலில் கொப்புளம் கண்டவர் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. எரிந்தால் யாராவது குடத்தில் மொண்டு வந்து தூரத்தில் வைத்துக் காலில் ஊற்றட்டும். வெளியே வருகிற புழுவை அவசரப்படுத்தக் கூடாது. யார் கேட்டாலும், எங்கிருந்து வந்திருந்தாலும்.

இதையெல்லாம் அன்றைக்கு அங்கம்மாளுக்கும் சொன்னேன். அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தறியில் பாதி நெய்த துணியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இந்தத் துணி போதுமுங்களா?"

"போதும். நாலாக மடிக்க வேண்டும்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"இது உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. "தை மாதத்திலிருந்து" என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். நான் முதலில் வந்த பங்குனி, சித்திரை, வைகாசி. "இந்தக் கோட முச்சூடும் எம் புள்ளைங்க ரெண்டும் அந்தத் தண்ணியத்தானுங்க குடிச்சுதுங்க. காலுல தெரிய எத்தன நாளாகும்?"

"ஒரு வருஷம்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அங்கம்மாள் மறுபடியும் மிதிக்கத் தொடங்கினாள்.