போர்மேன் சங்கிலிமுத்து மாமியார் வீட்டுக்குப் போன கதை

எம். புதுப்பட்டிக்காரர்களுக்கு வெளிநாடு என்றால் துபாய், சிங்கப்பூர், மலேசியா. போகிறவன் வேலைக்குத்தான் போவான். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவான். ரெண்டு வருஷம் கழித்து செண்ட் பாட்டிலும் கூலிங் கிளாஸுமாக வந்து இறங்குவான். பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பிறந்த வீட்டில் குடியிருக்க வெளிநாடு போன முதல் ஆள் எங்கள் சங்கிலிமுத்துதான். இன்றைக்கு இதைச் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. அன்றைக்கு, 2004-ல், போகிறவனுக்கே நாக்கு எழவில்லை. அதனால் வந்ததுதான் அத்தனை கூத்தும்.

சங்கிலிமுத்து ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு மருந்து செலுத்துகிறவன். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது அலுமினியப் பவுடர் அப்பி, புருவம்வரைக்கும் மினுங்குவான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் கொஞ்சம் மிச்சமிருக்கும். நல்ல உழைப்பாளி, சூதுவாது தெரியாதவன். பேச்சு மட்டும் வராது. "வாயில என்ன கொளுக்கட்டையாலே வச்சிருக்க?" என்று அவனுடைய ஆத்தா சோலையம்மாள் திட்டாத நாளில்லை. தகப்பன் காலமான பிறகு வீட்டில் அவள் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் தவமலர். வவுனியாப் பக்கத்துப் பெண். தொண்ணூறாம் வருஷச் சண்டையில், பாவாடை சட்டை வயசில், சித்தியோடு படகேறி ராமேஸ்வரம் வந்தவள். அப்பா படுக்கையில் கிடந்ததால் அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். சித்தியையும் இவளையும் சிவகாசிக்குப் பக்கத்து அகதி முகாமில் குடிவைத்தார்கள். வளர்ந்ததும் சங்கிலிமுத்துவின் கம்பெனிக்கு வெடிக்கான காகிதக் குழாய் உருட்ட வந்தாள். ஒரு சீசன் முழுக்க அவன் அவளைப் பார்த்தான்; ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சீசனில் அவளே வந்து, "என்னை உங்களுக்குப் பிடிக்குமோ, இல்லையோ?" என்று கேட்டுவிட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் காதல்.

சோலையம்மாள் முதலில் முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மருமகள் தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் சொதியில் மசிந்தாள். "தண்ணியால்ல இருக்கு" என்று குறை சொல்லிக்கொண்டே ரெண்டு கிண்ணம் குடிப்பாள். பானுப்பிரியா பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். தவமலர் முகாம் பதிவை மட்டும் விடவில்லை, மற்றபடி புதுப்பட்டிக்காரியாகவே ஆகிவிட்டாள் என்று எல்லாரும் நினைத்தோம். நாங்கள் நினைத்தால் ஆயிற்றா?

அங்கே சண்டை ஓய்ந்து, பேச்சுவார்த்தை என்று நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாப்பு டெலிபோன் பூத்துக்குத் தவமலரின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வீடு இடிந்தது போக மிச்சமிருக்கிறது, கூரை போட்டாயிற்று, உன் பேரில் எழுதிய வீடு, ஆளில்லாமல் கிடந்தால் கறையான்தான் குடியிருக்கும், எனக்கும் இனி ஏலாது, வந்து இரு பிள்ளை என்றாள் அம்மா. தவமலர் போனை வைத்துவிட்டு, பூத்துக்கு வெளியே நின்ற புருஷனிடம் வந்தாள்.

"நான் போகப் போறன். நீங்களும் வாறியளோ?"

"வர்றேன்" என்றான் சங்கிலிமுத்து. யோசிக்கவேயில்லை. அவள் இல்லாத வீடு ஒன்றை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்பதுதான் உண்மை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டான். அவளுக்கும் பிள்ளைக்கும் ஊர் திரும்புகிறவர்களுக்கு உண்டான காகிதம், அவனுக்கு விசா. அலைச்சல்தான், ஆனாலும் நடந்தது. நடக்காத காரியம் ஒன்றே ஒன்று. எதற்குப் போகிறான் என்பதை ஊரில் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தன் கடன்காரனாக இருக்கலாம், குடிகாரனாக இருக்கலாம், வீட்டோடு மாப்பிள்ளையாக மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் அவன் பேரே மறந்துபோகும், அந்தப் பட்டம்தான் பேர்.

டீக்கடையில் கூட்டாளி காசிராஜன்தான் முதலில் பிடித்தான். அவன் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன்.

"ஏலே சங்கிலி, பாஸ்போர்ட்டு எடுத்திருக்கியாம்ல. அங்கன என்ன வேல?"

சங்கிலிமுத்து டீயை ஊதினான். ஊதி ஊதி ஆறியே போனது.

"பட்டாசுக் கம்பெனி" என்றான்.

"என்ன வேலன்னு கேக்கேன்ல?"

"போர்மேன்."

அவன் ஆயுசில் சொன்ன பெரிய பொய் அதுதான். ஒற்றைச் சொல்லாகப் போனதே பிசகு. நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். பேசாதவன் சொன்னால் ஊர் அப்படியே நம்பும். சோலையம்மாள் காதுக்குப் போனதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகன் போர்மேனாகப் போகிறான், மருமகளும் கூடப் போய்ச் சோறாக்குவாள், ரெண்டு வருஷத்தில் திரும்பிவிடுவார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வந்தாள். அவன் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

சிவகாசிக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. காது குத்தினால் போஸ்டர், சடங்கானால் போஸ்டர், செத்தால் போஸ்டர். வெளிநாடு போகிறவனை விடுவார்களா? ஒரு வியாழக்கிழமை காலையில் டீக்கடைச் சுவரிலிருந்து பள்ளிக்கூடக் காம்பவுண்டுவரை சங்கிலிமுத்து சிரித்துக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தான் காசிராஜன். மேலே ஒரு விமானம். கொழும்பு படம் கைவசம் இல்லாததால் பின்னால் துபாய்க் கட்டடம், முன்னால் சிங்கப்பூர்ச் சிங்கம். 'கடல் கடந்து செல்லும் எங்கள் போர்மேன் சங்கிலிமுத்து அவர்களை வாழ்த்தி வழியனுப்பும் நண்பர்கள்.' நாலு கலர். தவமலர் பேர் எங்குமே இல்லை.

பள்ளிக்கூடம் போகிற வழியில் பானுப்பிரியா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அம்மா, போர்மேன்னா யாரும்மா?" தவமலர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் அவன் வேனிலிருந்து இறங்கி வந்தான். வந்தவனுக்குக் குளிக்கத் தண்ணீர் மோந்து வைத்தாள். பிறகுதான் பேசினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"என்ர வீட்டை வெட்கப்படுற இடமாக்கிப் போட்டியள்."

"இல்ல மலரு, ஊரு என்ன சொல்லும்னு..."

"எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது. அப்பாவும் அப்பிடித்தான் வந்தவர். அதுக்கு அங்க ஒரு பேரும் இல்லை. அம்மா உங்களுக்கெண்டு முன்னறைக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கிறா. நீங்கள் வேலைக்கெண்டு சொல்லிப்போட்டு வந்தால், வந்த நாளில இருந்து திரும்பிற நாளைப் பாத்துக்கொண்டுதான் இருப்பியள். விருந்தாளியா ஒரு புருஷன் எனக்கு வேண்டாம். நீங்கள் இங்கயே ஆத்தாவோட இருங்கோ. நானும் பிள்ளையும் போறம்."

அவன் தலையில் ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது அவனுக்குத் தெரியும். படகேறி வந்தவளுக்கு விமானமேறத் தெரியாதா? அவளும் பிள்ளையும் போய்விடுவார்கள், சுவரெல்லாம் போர்மேன் சிரித்துக்கொண்டிருப்பான், வீட்டில் அவனும் ஆத்தாவும் மட்டும்தான் இருப்பார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பிரஸ்ஸுக்குப் போனான். சினிமா போஸ்டரில் தேதி மாறினால், தியேட்டர் மாறினால், அந்த இடத்தில் மட்டும் துண்டுத்தாள் அடித்து மேலே ஒட்டுவார்கள். அதுபோல ஒன்று வேண்டும் என்றான். என்ன வாசகம் என்று சொன்னதும் காசிராஜன் மிஷினையே நிறுத்திவிட்டான்.

"கிறுக்கு புடிச்சிருச்சாலே ஒனக்கு? ஒலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா? காலத்துக்கும் சிரிப்பாங்கெ."

"சிரிக்கட்டும்."

"போர்மேன் இல்லன்னா எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கிட்டயும் கூச்சமாத்தான் இருந்துச்சு" என்றான் சங்கிலிமுத்து.

காசிராஜன் மிஷினை மறுபடி ஓட்டினான். மஞ்சள் தாளில் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தான். அன்று மத்தியானம் சங்கிலிமுத்து மைதாப் பசை காய்ச்சி, வாளியும் கையுமாகக் கிளம்பினான். சொல்ல வாய் வராதவனுக்கு ஒட்டக் கை வந்தது. 'போர்மேன்' என்ற இடத்தையெல்லாம் மறைத்து, படத்தில் அவனுடைய நெஞ்சுக்குக் குறுக்கே ஒட்டினான்: 'வேலைக்கு அல்ல. மனைவி தவமலர் வீட்டில் குடியிருக்கச் செல்கிறார்.'

கம்பெனி வேன்கள் திரும்புகிற நேரம் வந்தது. அப்போது அவன் பஸ் ஸ்டாப்புச் சுவரில் கடைசித் துண்டை நீவிவிட்டுக்கொண்டிருந்தான். வேனிலிருந்து இறங்கியவர்கள் ஒருத்தர் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள்.  பிறகு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், சரவெடி தோற்றது.

"ஏலே சங்கிலி, விருந்தும் மருந்தும் மூணு நாளுலே!" என்று ஒருத்தன் கத்தினான்.

அவனோடு வேலை பார்க்கும் சண்முகத்தாய் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "தம்பி, அங்கன போயி சேல கட்டுவீகளா, நைட்டி போடுவீகளா?"

"ரெண்டும் எடுத்து வச்சிருக்கேங்க்கா" என்றான் சங்கிலிமுத்து.

அவன் பதில் சொல்லி யாரும் பார்த்ததில்லை.  அப்புறம் சண்முகத்தாய் சிரித்தது கேலியில்லாத, வேறு மாதிரிச் சிரிப்பு.

எழுதப் படிக்கத் தெரியாத சோலையம்மாளுக்குப் பேத்தி படித்துக் காட்டினாள். பாவம் பிள்ளை, அம்மா பேர் சுவரில் வந்துவிட்ட சந்தோஷத்தில் ராகம் போட்டுப் படித்தது. சோலையம்மாள் மகன் வரும்வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.

"பொம்பள போவா புருசன் வீட்டுக்கு. ஆம்பள போவானாலே? நான் சாத்தூர்ல இருந்து இந்த வீட்டுக்கு வந்தேனே, போறியா மாட்டியான்னு என்னய ஆரு கேட்டா? ஒரு மனுசன் கேட்டிருப்பானா?"

"ஒன்னய யாரும் கேக்கல ஆத்தா" என்றான் சங்கிலிமுத்து. "என்னய மலரு கேட்டா. நான் வர்றேன்னேன்."

சோலையம்மாள் அதற்குப் பிறகு மகனோடு பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், தட்டைச் சத்தத்தோடு வைத்தாள், பேச்சு மட்டும் கிடையாது. தவமலர் மாமியாரிடம், நீங்களும் வாருங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "மகன் போன எடத்துக்கு ஆத்தாளும் போனா நல்லாவா இருக்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறாள், கஞ்சிக்குக் குறைவில்லை. ஆனால் மகன் போகும்வரைக்கும் பேசாமலே இருந்துவிடுவாளோ என்று சங்கிலிமுத்து உள்ளுக்குள் நொந்துபோனான். கிளம்புகிற அன்று காலையில் எழுந்து பார்த்தால், ஆத்தா வீட்டிலேயே இல்லை.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார்கள். திருச்சியில் விமானம். காசிராஜன், சண்முகத்தாய், வேனில் கூட வருகிறவர்கள் எல்லாரும் நின்றார்கள். ஒருத்தரும் கேலி பேசவில்லை. பசை காய்ந்த போஸ்டரைக்கூட யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சிவகாசியிலிருந்து வந்து அங்கேயே திரும்பிப் போகிற பஸ் வந்து நின்றது. அதிலிருந்து முதல் ஆளாக இறங்கினாள் சோலையம்மாள். விடியுமுன் சாத்தூருக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள். கையில் புது எவர்சில்வர் தூக்குவாளி, நிறையக் காராச்சேவு. இன்னொரு பையில் வேட்டி, சேலை, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இந்தாலே. மொத மொத மாமியா வீட்டுக்குப் போறவன் வெறுங்கையோட போகக் கூடாது" என்றாள்.

சங்கிலிமுத்து வாங்கிக்கொண்டான். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மகனுடைய சட்டைக் காலரைச் சரிபண்ணுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, சோலையம்மாள் சொல்ல ஆரம்பித்தாள்.

"விடிஞ்ச பெறகும் தூங்காத. மாமியா எந்திரிக்க முன்ன எந்திரிச்சுரணும். அவுக என்ன ஆக்கிப் போட்டாலும் நல்லாருக்குன்னு சொல்லித் தின்னு. எங்க ஊர்ல அப்பிடி, எங்க ஆத்தா இப்பிடின்னு அங்கன பேசாத. அவுக வீட்டு வளக்கத்த நீ பளகிக்கணும். ஒரு சொல்லு கூடக்கொறையச் சொன்னாலும் பொறுத்துக்கோ. எதுத்துப் பேசிட்டுப் பொறந்த வீட்டுக்குன்னு வந்து நிக்காத..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுபோனாள். தன் வாயிலிருந்து வருவது என்ன என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஒரு காலத்தில் இதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தவர்கள்தானே.

"ஆம்பளப் பிள்ளையப் பெத்தவ அளுக மாட்டான்னு நெனச்சேனேலே" என்றாள் சோலையம்மாள், அழுதுகொண்டே. பிறகு மகனை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பி, அவளுடைய ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள்.

"ஏத்தா மலரு, வாயில்லாப் பிள்ளத்தா. பசிச்சாக்கூடக் கேக்க மாட்டான். பாத்துக்கோ."