ஒருக்கா ஓடிக் காட்டச் சொன்னவன்

புதன்கிழமை காலை, குழித்துறையில் என் தையல் கடையில் பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். ஞானசெல்வத்தின் மனைவி லீலா போன் செய்தாள். "அண்ணே, அவரு போயிட்டாரு" என்றாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன புருஷனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் "எங்க போனான்?" என்று கேட்டேன். என் புத்தி அன்று அவ்வளவுதான் வேலை செய்தது.

ஞானசெல்வத்தை உங்களில் பலர் புதுக்கடை ஞானம் என்று அறிவீர்கள். பெரிய சண்டைப்பட நாயகன் ஒருவருக்குப் பல வருடம் டூப்பாக ஓடியவன், குதித்தவன், விழுந்தவன். அந்த நாயகனின் பெயர் இங்கே வேண்டாம். படப்பிடிப்பில் நாங்கள் அழைத்தபடி 'சார்' என்றே எழுதுகிறேன். 'சாரின் நிழல் மறைந்தது' என்று யாரோ வாட்ஸப்பில் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஞானத்துக்கு ரோஷம் உண்டு. நிழலுக்கு ஏது? அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் நான் சாருடைய படங்களுக்கு உடை தைப்பவனாக இருந்தேன். சண்டைக் காட்சி என்றால் ஒரே மாதிரி இரண்டு சட்டை தைக்க வேண்டும், ஒன்று சாருக்கு, ஒன்று டூப்புக்கு. அளவு கொடுக்க வந்த முதல் நாளே ஞானம், "கொறச்சு லூசா தச்சியானா மதி. உள்ள பேடு கெட்டணும்" என்றான். போதும் என்பதற்கு 'மதி' என்று சொல்லக் கேட்டதும் எனக்கு ஊர் வாசனை அடித்துவிட்டது. "ஏலே, நீ எந்தூரு?" என்றேன். புதுக்கடை என்றான். அன்று மதியம் ஒரே இலையில் சாப்பிடாத குறைதான்.

அந்தக் காலத்து சாரைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என்ன ஆள் அவர்! வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி, இடது உள்ளங்கையை விரித்துக்கொண்டு ஓடுவார். அப்படி ஓட வேறு யாராலும் முடியாது. டூப் போட வேண்டிய காட்சியென்றாலும் முதலில் தானே ஓடிக் காட்டுவார். ஞானம் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்ப்பான். "பாத்துக்கிட்டியா ஞானம்? இன்னொரு தடவை ஓடவா?" என்று சார் மூச்சிரைக்கக் கேட்பார். ஒருமுறை தகரக் கூரைமேல் ஓடி, இருவருக்கும் முழங்கை கிழிந்தது. இரண்டு சட்டையிலும் ரத்தம். இரண்டையும் நான்தான் அலசித் தைத்தேன். "ஏமாத்தாம ஓடுத மனுசன். இவருக்காக எங்க வேணும்னாலும் விழலாம் மக்கா" என்றான் ஞானம்.

பிறகு, படங்கள் எப்படி இருந்தாலும் ஓடும் என்று ஆனது. சார் ஓடுவதை நிறுத்தினார். முதலில் ஒத்திகைக்கு வருவது நின்றது. அப்புறம் முகம் தெரிகிற இடத்துக்கு மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பின்னால் பெரிய காற்றாடி வைத்து, அவர் நான்கு அடி நடந்தால் சுற்றிலும் பத்துப் பேர் பறந்து விழுந்தார்கள். சாயங்காலம் என்னிடம் திரும்பி வரும் சாரின் சட்டையில் தேய்த்த மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. திறமை இல்லாதவன் சும்மா இருந்தால் பாவம் என்று விட்டுவிடலாம். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்கு அருவருப்பாக இருந்தது. என் மரியாதை அப்போதே போய்விட்டது.

ஞானத்துக்குப் போகவில்லை. சாருக்கு முட்டு வலி, சாருக்குக் காய்ச்சல், சாருக்கு வீட்டில் பிரச்சினை என்று யாரும் கேட்பதற்கு முன்னால் காரணம் சொல்வான். "ஆளு மடியனாயிட்டாருலே" என்று, சார் சோம்பேறி ஆகிவிட்டதை நான் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு படத்துக்காக முட்டம் பாறைகளுக்கு வந்தோம். நம்ம ஊர் என்பதால் புதுக்கடையிலிருந்து ஞானத்தின் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். குண்டடிபட்ட காலோடு ஒரு பட்டாளத்துக்காரன் பாறைமேல் ஓடும் காட்சி. இந்த மனிதன் எப்படி ஓடுவான் என்று ஞானத்துக்குத் தெரியவில்லை. இயக்குநரிடம் கேட்டான். "வழக்கம்போல ஓடுங்க" என்றார் அவர். ஞானம் நேராக சாரின் கேரவனுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், ஒருக்கா ஓடிக் காட்டுங்க. பாத்துட்டு நான் ஓடுதேன்."

சார் சிரித்தார். "நீ ஓடினா அதுதான்யா நான். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

"அட, போய் வேலையைப் பாரு ஞானம்."

ஞானம் அங்கேயே சட்டையைக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்தான். "இனி யாருக்க மாதிரி ஓடணும்னு எனக்குத் தெரியல மக்கா" என்றான். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பனியனோடு நடந்துபோய் பஸ் ஏறிவிட்டான். அவனுக்கு அதுதான் சோறு. நான் அந்தச் சட்டையை வேறொருவனுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மரியாதை போன பிறகும் மேலும் சில வருடம் சாருக்கே தைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞானம் தொழிலை விடவில்லை. வேறு படங்களில், கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழும் பத்துப் பேரில் ஒருவனாக விழுந்தான். ஆனால் சாருடைய படம் வெளியானால் முதல் காட்சிக்குப் போயாக வேண்டும். நான் ஊரோடு வந்து கடை போட்ட பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போவான். "இதுல ஓடியிருப்பாரு பாரு" என்பான். ஒவ்வொரு தடவையும் ஏமாந்து வருவான். "ஓடாத மனுசனப் பாக்க இவரு இந்த ஓட்டம் ஓடுதாரே அண்ணே" என்று லீலா கேலி செய்வாள்.

போன மாதம் சாருடைய புதுப் படத்துக்குப் போனோம். அதில் ஒரு ஓட்டம் வந்தது. பின்பக்கம் மட்டும் தெரிந்தது. தாழ்ந்த வலது தோள், விரிந்த இடது கை, அதோடு வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பி விழுந்தது. ஞானம் என் தொடையைப் பிடித்தான். கணுக்கால் முறிந்து சேர்ந்தபின் அவனுக்கு வந்த கோணல் அது. பழைய படங்களைப் பார்த்துப் படித்த புது டூப் எவனோ, சார் என்று நினைத்து இவனைப் படித்திருக்கிறான்.

"ஏலே, உனக்க ஓட்டம்லா இது!" என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"ஆமா, எனக்க ஓட்டந்தான்" என்றான். கண் கலங்கியிருந்தது. "அப்ப அவருக்க ஓட்டம் எங்க மக்கா? அது இல்லாமலே போச்சே."

தன்னைத் திரையில் பார்த்து, இன்னொருவருக்காக அழுத ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் சார் என்னைப் போனில் கூப்பிட்டார். குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. "டெய்லர், ஞானம் வீட்டுக்கு என்ன வேணும்னாலும் கேளு" என்றார். பக்கத்தில் இருந்த லீலாவிடம் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் வேண்டாமாம் சார். எனக்கு ஒண்ணு வேணும். அடுத்த படத்துல நீங்களே ஓடணும். பத்து அடி போதும்."

"வயசாயிடுச்சு டெய்லர்" என்றார்.

"வயசான மாதிரியே ஓடுங்க சார். இப்ப உங்க ஓட்டம் அதுதானே."

"பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார்.

இத்தனை வருடத்தில் சாரிடம் நான் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். சார் இவ்வளவுதான் என்று கைகழுவிவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான். ஞானம் அப்படி விட்டுவிடவில்லை. முகத்துக்கு நேரே கேட்டான், கிடைக்காதபோது விலகினான், விலகிய பிறகும் அந்த மனிதரால் முடியும் என்று நம்பிக்கொண்டேயிருந்தான். அந்தப் பிடிவாதத்தை அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். சார் ஓடுவாரா, தெரியாது. படம் வரட்டும். முதல் காட்சிக்குப் போவேன். ஓடவில்லை என்றால், திரும்பவும் போன் போட்டுக் கேட்பேன்.