இரண்டாம் பார்வையாளர்

"திங்கள், காலை 8.30. முதல் பார்வையாளர்: 18.4. இரண்டாம் பார்வையாளர்: 18.6. காற்று வடகிழக்கு." ஈரம் ஏறி உப்பி, புரட்டும்போதெல்லாம் பூஞ்சை மணந்த என் பள்ளியின் பழைய மழைப் பதிவேட்டிலிருந்து இந்த வரியையும் இதற்கடுத்த இரண்டு நாள் வரிகளையும் எழுத்துப் பிசகாமல் படியெடுத்து வைத்திருக்கிறேன். மூன்றிலும் இரண்டாம் பார்வையாளராகக் கையொப்பமிட்டிருப்பது நான். அந்த மூன்று நாளும் நான் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தேன்.

கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையில், அறிவியலில் கெட்டிக்காரப் பிள்ளைகளை நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொண்ட அரசு உறைவிடப் பள்ளி அது. பதினோராம் வகுப்பில் சேர்ந்தவர்களை இருவர் இருவராகப் பிரித்து ஆளுக்கொரு கருவியைப் பொறுப்பாகத் தருவார்கள். எனக்கும் கடலோரத் தேவனாம்பட்டினத்து அமுதாவுக்கும் மைதானத்து மூலையிலிருந்த மழைமானி வாய்த்தது. அளக்கும் முறைக்கு விடுதியில் "முதுகு காட்டுறது" என்று பெயர். முதலில் படிப்பவர் அளவுக் குழாயை நீரோடு பலகையில் வைத்து, பதிவேட்டில் எண்ணை எழுதி, அது தெரியாதபடி தாளை மடித்துவிட்டு, நாலடி தள்ளிப் போய்த் திரும்பி நிற்க வேண்டும். பிறகு மற்றவர் வந்து படித்து எழுதுவார். அதுவரை பேச்சில்லை, முகம் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தாலே எண் ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் இயற்பியல் ஆசிரியரின் கட்சி.

குழாயில் நீர் நடுவில் குழிந்து ஓரத்தில் சற்று ஏறி நிற்கும். குழிவின் அடியைப் படிக்க வேண்டும். நானோ எத்தனை முறை திட்டு வாங்கினாலும் ஓரத்தையே படிப்பேன், அதனால் என் எண் எப்போதும் ஒரு கோடு, அதாவது 0.2 மில்லிமீட்டர், கூடுதலாகவே இருக்கும். "மழைக்கே கிரேஸ் மார்க் போடுறியாடி" என்பாள் அமுதா.

ஒரு கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து, ஞாயிறு மாலைக்குள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அமுதாவின் தெருக்காரர்கள் நிவாரண முகாமில் இருந்ததால் அவள் மட்டும் வாட்ச்மேன் குடும்பத்தின் பாதுகாப்பில் விடுதியிலேயே தங்கினாள். புயல் வலுவிழந்து போக, வியாழனன்று பள்ளி திறந்தது. காய்ச்சலால் நான் ஒரு நாள் பிந்திப் போனேன். ஒருவர் இல்லாத நாளில் அவருடைய கட்டத்தில் வெறும் கோடு போட வேண்டும். ஆனால் பதிவேட்டில் மூன்று நாளும் இரண்டு கட்டங்களும் நிரம்பியிருந்தன. அளக்காமல் எண் எழுதினால் டி.சி. என்பது அங்கே விலக்கில்லாத விதி. முந்தின ஆண்டு ஒருவன் அப்படிப் போயிருந்தான். அமுதா போனால் அவள் அப்பா இன்னொரு பள்ளியில் சேர்க்கப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆய்வகத்து வாசலில் என்னை நிறுத்தி, மூன்று நாளும் வந்துவிட்டு, காய்ச்சல் என்று கடிதம் கொடுத்து ஏன் பொய் சொல்கிறாய் என்றுதான் அமுதா கேட்டாள்.

"கேட்டாண்ட இருந்து கறுப்புக் குடை வர்றது தெரிஞ்சுது. உடனே திரும்பிக்கிட்டேன். தண்ணியில நடக்கிற சத்தம் கேட்டுது, எழுதுற சத்தமும் கேட்டுது. திரும்பினா நீ போயிட்ட. மூணு நாளும் அப்படித்தான்."

"மூஞ்சியப் பாத்தியா?"

"பாக்கக் கூடாதில்ல."

அவளே எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. என் பிழை எத்தனை கோடு என்று அவளுக்குத் தெரியும், என் கையெழுத்தைத் தினமும் பார்ப்பவள். ஆனால் அவள் முகத்தில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது, அந்தக் கோபமும் வந்துபோனதை மறைக்கிற ஒருத்தி மீது வைத்த கோபமாக இருந்தது.

உள்ளே ஆசிரியரின் மேசையில் பதிவேடு விரிந்து கிடந்தது. பக்கத்திலேயே, ஞாயிறு இரவு முதல் காய்ச்சல் என்று அம்மா எழுதிக் கொடுத்த என் விடுப்புக் கடிதம். "இது உன் எழுத்தாம்மா?" என்றார். குனிந்து பார்த்தேன். எட்டைக் கீழிருந்து மேலே சுழித்து, வாய் மூடாமல் விடுவது என் பழக்கம். மூன்று நாளும் எட்டுகள் வாய் திறந்தே இருந்தன.

"என் எழுத்துதான் சார்."

அங்கே இருந்தாயா என்று அவர் கேட்கவில்லை. கடிதத்தை எடுத்து நாலாக மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். "ஒரு கோடு ஏத்திப் படிக்கிறத மட்டும் நிறுத்து" என்று சொல்லிப் பதிவேட்டை என்னிடமே கொடுத்தார். அமுதாவுக்கு டி.சி. கொடுக்கவில்லை. தன்னிடம் மட்டும் பொய் சொன்னேன் என்று அவள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இப்போது அந்த மூலையில் தானியங்கிக் கருவி நிற்கிறது. எண் நேராகக் கைபேசிக்கு வந்துவிடுகிறது, யாரும் யாருக்கும் முதுகு காட்டுவதில்லை. அமுதா வேதியியல் ஆசிரியை. இதை எழுதுவதற்காகத் தொலைபேசியில் கேட்டபோது, "இன்னமும் ஒத்துக்க மாட்டியா நீ" என்றாள். ஓய்வுபெற்ற வாட்ச்மேனைப் போன மாதம் சேத்தியாத்தோப்பில் போய்ப் பார்த்தேன். ஒரு புயல் சமயத்தில் காலையில் ஒரு பெண்ணுக்குக் கேட்டைத் திறந்துவிட்டது நினைவிருக்கிறது என்றார். "அவ்வளவு மழையில நனையாம வந்துச்சு, அதான் ஞாபகம்." எந்த ஆண்டுப் புயல் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நான் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை என்கிறார் அம்மா. காய்ச்சலில் கிடந்த எனக்கு அந்த மூன்று நாளில் எதுவும் நினைவில்லை. பள்ளி கேட்டில் வருவோர் போவோரை எழுதிவைத்த அந்த வாரத்துப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே, அப்போது நான் சிதம்பரத்தில் இருந்தேன் என்று மேலே எழுதியதை, இன்னும் சரிபார்க்கப்படாத தகவலாகவே கொள்ள வேண்டும்.